வங்கி வாசலில் கொள்கையை விசாரிக்கலாமா?



ஒருவர் இன்ன கட்சியைச் சேர்ந்தவர், இன்ன கொள்கையை உடையவர் என்பதற்காக அவருக்குக் கணக்குத் திறக்க வங்கி மறுக்கலாமா? வன்னியில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. ஆசிரியரின் சம்பளமும், வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பும் பணமும் வங்கி வழியாகவே வருகின்றன. கணக்கில்லாதவருக்குப் பாதி வாழ்வு அடைபட்டுப் போகிறது.

சட்டம் கூறுவது

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 12ஆம் உறுப்புரையின் 2ஆம் பிரிவில், இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றின் காரணமாக எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. ஆயினும் இதன்பேரில் உயர் நீதிமன்றம் செல்வதற்கு, மீறல் அரச நிர்வாகத்தின் செயலாக இருத்தல் வேண்டும். ஆகவே அரச வங்கியை இவ்வழியில் கேள்வி கேட்க இடமுண்டு. தனியார் வங்கியைக் கேட்பது கடினம். கடைகள், உணவுச்சாலைகள், விடுதிகள் ஆகியவற்றைப் பற்றிய 3ஆம் பிரிவிலோ வங்கியும் இல்லை, அரசியற் கருத்தும் இல்லை. இது சட்டத்திலுள்ள ஓர் இடைவெளி.

கட்டளையும் சந்தேகமும்

வங்கி தன் விருப்பத்தால் மறுப்பது வேறு. அரசின் கட்டளையால் முடக்குவது வேறு. 2006இல் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் கணக்குகள் முடக்கப்பட்டன. 2007இல் கழகமே தடைசெய்யப்பட்டது. 2012ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின்கீழ், 2014 மார்ச்சில் 16 அமைப்புகளினதும் நானூறுக்கு மேற்பட்டவர்களினதும் பெயர்கள் வர்த்தமானியில் வெளிவந்தன. 2015இல் பல பெயர்கள் நீக்கப்பட்டன. 2021இல் மீண்டும் பல சேர்க்கப்பட்டன. ஆட்சி மாறும்போது பட்டியலும் மாறியதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆயினும் பட்டியலுக்கு ஒரு தாள் உண்டு. நீக்கும்படி கேட்க ஒரு வழியும் உண்டு. தாளில்லாத சந்தேகத்துக்கு இரண்டும் இல்லை. பட்டியலில் பெயரில்லாத ஒருவரை, முன்னாள் போராளி என்பதற்காகவோ, ஒரு கட்சிக்கு வாக்குக் கேட்டார் என்பதற்காகவோ திருப்பியனுப்பும்படி எச்சட்டமும் வங்கிக்குக் கூறவில்லை.

பணத்தோடு அரசியல் பிணையும்போது ஏழையே இழக்கிறான் என்பதற்கு நம் மண்ணே சாட்சி. தமிழீழ வைப்பகத்தில் தாலிக்கொடியை அடகு வைத்த தாய், கொள்கைக்காக வைக்கவில்லை, வயிற்றுக்காக வைத்தாள். 2009இல் எல்லாம் முடிந்தது. போரின்போது கைப்பற்றிய நகைகளில் ஒரு தொகுதியை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது 2025 மே மாதத்தில்தான்.

காரணத்தைக் கேட்போம்

பிரித்தானியாவில் 2023இல் நைஜல் ஃபராஜ் என்ற அரசியல்வாதியின் கணக்கைக் கூட்ஸ் வங்கி மூட முற்பட்டது. தம்மைப் பற்றிய ஆவணங்களை அவர் கேட்டுப் பெற்றபோது, அவருடைய கருத்துகளும் அதில் எடைபோடப்பட்டிருந்தமை வெளியாயிற்று. அவர் கொள்கை நமக்கு உடன்பாடா என்பது இங்கே கேள்வியன்று. காரணத்தை அறியும் உரிமை இல்லாவிடில் அநீதி ஒளிந்துகொள்ளும் என்பதே பாடம்.

வங்கிக்கும் நியாயம் உண்டு. அடையாள அட்டையைக் கேட்பதும், பணம் வந்த வழியை விசாரிப்பதும், கடனைத் திருப்பும் வல்லமையைப் பார்ப்பதும் அதன் கடமை. இவற்றைப் பாரபட்சம் என்று கூறலாகாது.

ஆனால் காரணமின்றி மறுக்கப்பட்டால், முதலாவதாக, முகாமையாளரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அரச வங்கியாயின் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் துணைநிற்கும். இரண்டாவதாக, மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடுங்கள். மூன்றாவதாக, அரச வங்கியின் செயலாயின் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. நாளைத் தவறவிட்டால் உரிமையும் தவறிவிடும்.

வீட்டில் கலந்து பேச: நாம் வெறுக்கும் கொள்கையை உடைய அயலவருக்கு வங்கி கதவடைத்தால், அவருக்காகவும் பேசுவோமா?