திதிக்ஷை: கடலோடி கற்பிக்கும் பாடம்

வேதாந்த சாதகனுக்கு இன்றியமையாத ஆறு செல்வங்களுள் திதிக்ஷையும் ஒன்று. எதிர்ச்செயல் இன்றியும், கவலையும் புலம்பலும் இன்றியும் துன்பங்களைப் பொறுத்தலே திதிக்ஷை என்று விவேகசூடாமணி அதற்கு இலக்கணம் கூறுகிறது.

இந்த 'எதிர்ச்செயல் இன்மை' பலரையும் குழப்புகிறது. நோய் வந்தால் மருந்து உண்ணக் கூடாதா? அநீதி கண்டால் வாய்மூடி இருக்க வேண்டுமா? பொறுமை என்ற பெயரில் செயலின்மையை வளர்த்துக்கொள்ளும் அபாயம் இங்கே உள்ளது. இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளக் கடலோடிகளின் வாழ்வை நோக்குவோம்.

பருவம் அறிதல்

கொச்சிக் காயலின் கரையில் அமைந்த மட்டாஞ்சேரி நெடுங்காலமாக அரிசிக்கும் மிளகுக்கும் புகழ்பெற்ற சந்தை. கொச்சியிலிருந்து மேற்கே 220 முதல் 440 கிலோமீட்டர் வரையிலான தொலைவில் லட்சத்தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. இன்று மட்டாஞ்சேரிக்கு எதிரேயுள்ள வெலிங்டன் தீவிலிருந்து புறப்படும் கப்பல்கள் அங்கே செல்கின்றன. இயந்திரக் கலங்கள் வருமுன், 'ஓடம்' எனப்படும் பாய்மரக் கலங்களே அத்தீவுகளை ஒன்றோடொன்றும் மலையாளக் கரையோடும் இணைத்தன. தீவுகளிலிருந்து கொப்பரையும் கயிறும் வந்தன. கரையிலிருந்து அரிசி சென்றது. ஓடம் போய்ச் சேர்வதைப் பொறுத்தே தீவு மக்களின் உணவு இருந்தது.

ஆயினும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் காலத்தில் ஓடங்கள் கடலில் இறங்குவதில்லை. அம்மாதங்களுக்கு வேண்டிய தானியத்தை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு தீவினர் காத்திருந்தனர். காற்றை நொந்துகொண்டு எவரும் அமர்ந்திருக்கவில்லை. கவலையும் புலம்பலும் அற்ற இந்தக் காத்திருத்தல் திதிக்ஷையின் முதற்படி.

பாயைச் சுருக்குதல்

நல்ல பருவத்திலும் வெப்பமண்டலக் கடல் ஒரே நிலையில் இருப்பதில்லை. கரையை ஒட்டிப் பகலில் கடற்காற்றும் இரவில் கரைக்காற்றும் மாறி மாறி வீசும். அடிவானில் ஒரு கருமேகம் தோன்றும். சற்று நேரத்தில் சூறையும் மழையும் கலத்தைச் சூழும். காற்று மோதும்வரை காத்திராமல், மேகத்தைக் கண்டதுமே பாயைச் சுருக்குபவனே தேர்ந்த கடலோடி. 'எது வந்தாலும் பொறுப்பேன்' என்று முழுப் பாயையும் விரித்தபடி நிற்பவனின் பாய் கிழியும், பாய்மரம் முறியும். அவனை நம்பி ஏறியவர்களின் உயிரும் போகும்.

பாயைச் சுருக்கியவன் காற்றை எதிர்த்தானா? இல்லை. காற்றை அவன் மாற்ற முயலவில்லை. தன்வசம் உள்ளதையே மாற்றினான். வெளியுலகின் மீது சினம் கொண்டு பதிலுக்குப் பதில் செய்வதே விடத்தக்க எதிர்ச்செயல். உரிய கடமையைச் செய்வது அதில் அடங்காது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், குளிர் வெப்பங்களையும் இன்ப துன்பங்களையும் பொறுத்துக்கொள் என்று பதினான்காம் சுலோகத்தில் கூறும் பகவான், பதினெட்டாம் சுலோகத்திலேயே போர் செய் என்றும் கட்டளையிடுகிறார். இரண்டும் ஒரே சீடனுக்கு அளித்த உபதேசம்.

ஓடத்தின் அமைப்பே இதற்குச் சான்று. பழைய ஓடங்களின் பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது சற்றே நெகிழ்ந்துகொடுப்பது தைத்த கலத்தின் இயல்பு. 

மாறாததைப் பற்றுதல்

லட்சத்தீவுகள் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்களே உயர்ந்தவை. மிக நெருங்கிய பின்னரே தென்னைகளின் உச்சி கண்ணுக்குப் புலப்படும். திசை சற்றே பிழைத்தாலும் தீவைத் தவறவிட நேரும். எனவே கடலோடிகள் 'இராப்பலகை' என்னும் எளிய கருவியைப் பயன்படுத்தினர். முடிச்சுகள் இட்ட கயிறு கோத்த சிறு மரப்பலகை அது. கயிற்றைப் பற்களில் கடித்துப் பலகையை நீட்டிப் பிடித்து, அடிவானுக்கும் துருவ நட்சத்திரத்துக்கும் இடையேயுள்ள உயரத்தை அளந்தனர். கவரத்தித் தீவில் அது ஏறக்குறைய பத்தரை பாகை. காற்று மாறும், அலை மாறும். அந்த அளவு மாறுவதில்லை. மேகம் மறைத்தாலும் நட்சத்திரம் தன் இடத்திலேயே இருக்கிறது என்பதை மாலுமி அறிவான்.

மனத்தின் வானிலையும் மாறிக்கொண்டே இருக்கிறது. சாதகன் நாள்தோறும் ஜபத்தாலும் தியானத்தாலும் மாறாத ஆன்மாவை நோக்குவது, இராப்பலகையை உயர்த்திப் பிடிப்பது போன்றதே. தெளிந்த இரவுகளில் இதைப் பழகாதவன் புயல் நாளில் புதிதாகக் கற்றுக்கொள்ள இயலாது.

பிறர் துன்பத்தில்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிமுனைக்கு அருகே விரைந்து வலுப்பெற்று, லட்சத்தீவுகளையும் தாக்கியது. பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட குமரி மாவட்ட, கேரள மீனவர்களுள் பலர் திரும்பவில்லை. அவர்களுக்குப் பொறுமையோ திறமையோ குறைவில்லை. எச்சரிக்கைதான் காலத்தில் எட்டவில்லை. அத்தகைய குடும்பங்களிடம் சென்று திதிக்ஷையை உபதேசிப்பது அறமாகாது. திதிக்ஷை நம் துன்பத்துக்கு நாம் ஏற்கும் விரதம். பிறர் துன்பத்துக்கு நாம் செய்ய வேண்டியது சேவை. அநீதியைக் கண்டு குரல் எழுப்புவதையும் அது தடுப்பதில்லை. கடிக்காதே என்றேன், சீறாதே என்றா சொன்னேன் என்று பாம்பிடம் கேட்ட துறவியின் கதையை ஸ்ரீராமகிருஷ்ணர் இதற்காகவே கூறினார்.

எனவே துன்பம் வரும்போது மூன்று கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ளலாம். இது காத்திருக்க வேண்டிய பருவமா? நான் சுருக்க வேண்டிய பாய் எது? என் பார்வை எதன்மீது நிலைத்திருக்கிறது? இவற்றுக்கு விடை தேடுபவன் புலம்ப மாட்டான்; செயலற்று அமர்ந்திருக்கவும் மாட்டான்.