ஸ்டாக்கிஸ்ட் பாக்கிக்காகப் பணிக்கொடையை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு, பல மாநிலங்களில் கிளைகளுள்ள மருந்து நிறுவனம் ஒன்றில் 22 ஆண்டுகள் 7 மாதங்கள் விற்பனைப் பிரதிநிதியாகப் பணியாற்றிய பட்டதாரி ஒருவர், 52ஆம் வயதில், 2024 அக்டோபரில் தாமாகவே வேலையிலிருந்து விலகினார். அப்போது அவருடைய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் ₹32,500. சிவகாசி ஸ்டாக்கிஸ்ட் ஒருவரின் பாக்கி வசூலாகவில்லை என்று கூறி நிறுவனம் பணிக்கொடையைத் தர மறுக்கிறது. விலகிய பின் 2 ஆண்டுகளுக்கு மருந்துத் தொழிலில் ஈடுபடக் கூடாது என்ற நியமனக் கடித நிபந்தனையையும் காட்டுகிறது. பணிக்கொடையைப் பெறுவது எப்படி? மருந்து மொத்த விற்பனையோ பட்டாசு விற்பனையோ தொடங்கச் சட்டத் தடை உண்டா? ஓய்வூதியம் எப்போது கிடைக்கும்?

பதில்: தொடர்ச்சியாக 5 ஆண்டுகள் பணியாற்றிய ஊழியர் ஓய்வு பெறும்போது மட்டுமன்றித் தாமாக விலகும்போதும் பெறத்தக்க தொகையே பணிக்கொடை. பேச்சு வழக்கில் கிராஜுவிட்டி எனப்படும் இத்தொகையை 1972ஆம் ஆண்டின் பணிக்கொடை வழங்கல் சட்டம் ஊழியரின் உரிமையாக ஆக்கியிருக்கிறது. கடைசியாகப் பெற்ற மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓராண்டுப் பணிக்குரிய தொகை கிடைக்கும். இங்கு அது ₹18,750 ஆகும். ஆறு மாதங்களைத் தாண்டிய மீதிக் காலமும் முழு ஆண்டாகவே கணக்கிடப்படுவதால், 23 ஆண்டுகளுக்கு ₹4,31,250 சேர வேண்டும். இக்கணக்கில் ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் மட்டுமே குறிக்கும். டார்கெட்டை எட்டியதற்கான இன்சென்டிவ், வீட்டு வாடகைப்படி, காலையில் விருதுநகரில் பேருந்து ஏறிச் சாத்தூரிலும் சிவகாசியிலும் மருத்துவர்களைச் சந்தித்துவிட்டு இரவில் வீடு திரும்பும் நாளுக்குரிய எக்ஸ்-ஸ்டேஷன் படி ஆகியவை அதில் அடங்கா. பிரதிநிதிகளின் வருமானத்தில் பெரும்பங்கு இத்தகைய படிகளாகவே வருவதால், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தொகை கைக்கு வருவதும் உண்டு.

ஸ்டாக்கிஸ்ட் என்பவர் நிறுவனத்திடமிருந்து தம் பெயரிலேயே பில் போட்டுச் சரக்கெடுத்து, மருந்துக் கடைகளுக்கு விற்கும் தனி வணிகர். அவர் கடனுக்கு வாங்கிய சரக்கின் பாக்கி அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலாகும். ஆர்டர் எடுத்துக் கொடுத்ததனால் மட்டும் பிரதிநிதி அக்கடனுக்குப் பிணையாளர் ஆகிவிடமாட்டார். பணிக்கொடையைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தைச் சட்டத்தின் 4(6) பிரிவு மிகக் குறுக்கியே தந்திருக்கிறது. நிறுவனத்தின் சொத்துக்கு இழப்பு உண்டாக்கிய செயலுக்காகவோ கவனக்குறைவுக்காகவோ ஊழியர் வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தால், அந்த இழப்பின் அளவுக்கு மட்டும் பிடித்தம் செய்யலாம். வன்செயலுக்காகவோ, பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகவோ வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தால் தொகையை முழுமையாகவோ பகுதியாகவோ மறுக்கலாம். இம்மூன்றுக்கும் பொதுவான முதல் நிபந்தனை வேலைநீக்கம். தாமாக விலகி, அந்த விலகலை நிறுவனமும் ஏற்றுக்கொண்ட நிலையில் இப்பிரிவு நுழைவதற்கே இடமில்லை. பாக்கிக்குப் பிரதிநிதி தனியே உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தாலும், அதற்குரிய இடம் உரிமையியல் நீதிமன்றமே. நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டுகூடப் பணிக்கொடையைப் பற்றுகை செய்ய இயலாது என்று 13ஆம் பிரிவு கூறுகிறது. இச்சட்டத்துக்கு முரணான ஒப்பந்த வாசகம் எதுவும் செல்லாது என்று 14ஆம் பிரிவு கூறுகிறது. ஸ்டாக்கிஸ்டிடமிருந்து ‘பாக்கி இல்லை’ என்று கடிதம் வாங்கி வந்தால்தான் பணம் என்ற நிபந்தனை, இருபது ஆண்டுகளுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் அலைந்த ஊழியரின் கையைக் கட்டிப்போட்டு வணிகக் கடனை வசூலிக்கும் முறையற்ற வழியாகும்.

ஊழியர் விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு 30 நாட்களுக்குள் வழங்குவது நிறுவனத்தின் கடமை. தவறினால் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி சேரும். முதலில் படிவம் ‘ஐ’ மூலம் நிறுவனத்திடம் பதிவுத் தபாலில் கோர வேண்டும். அப்படிவத்துக்குரிய 30 நாள் கெடு கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் கோரிக்கை செல்லாததாகிவிடாது என்று விதியே சொல்வதால், காலம் போய்விட்டதென்று நிறுவனம் கைவிரிக்க முடியாது. அதற்கும் பலனில்லையென்றால் படிவம் ‘என்’ மூலம் கட்டுப்பாட்டு அலுவலரை, அதாவது பணிக்கொடைப் பூசல்களை விசாரித்துத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரியை அணுக வேண்டும். இவ்விண்ணப்பத்துக்கான 90 நாள் வரம்பும் கடந்திருப்பதால், தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனுவையும் உடன் இணைப்பது அவசியம். இவ்விடத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளைகளுள்ள நிறுவனத்துக்கு உரிய அரசு மத்திய அரசே என்று சட்டம் வரையறுத்துள்ளது. ஆகவே மாநிலத் தொழிலாளர் துறையிடம் மனுக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, மதுரையில் உள்ள மத்திய உதவித் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தை அணுகுவதே சரியானது. உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய விரும்பும் நிறுவனம் தொகை முழுவதையும் முன்னதாகக் கட்ட வேண்டும். கட்டாமல் இழுத்தடித்தால், நிலவரி பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்கலாம். உத்தரவு வருவதற்கு முன்பே குறைந்த தொகையைக் கொடுத்து, ‘முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துக் கேட்டால், ‘ஆட்சேபணையுடன் பெறப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிடுவது பாதுகாப்பானது.

பணிக்கொடையைத் தவிரப் பெற வேண்டிய இன்னொரு தொகை, எடுக்காத விடுப்புக்கான பணம், பெரும்பாலும் மறக்கப்படுகிறது. மருத்துவப் பிரதிநிதிகள் தொழில் தகராறுச் சட்டம் குறிக்கும் ‘தொழிலாளர்’ அல்லர் என்று 1961இல் மே அண்டு பேக்கர் வழக்கிலும், 1994இல் அத்யந்தாயா – சாண்டோஸ் வழக்கில் அரசியல் சாசன அமர்விலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் தீர்ப்பால் நேர்ந்த குறையைப் போக்கவே 1976இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் பணி நிபந்தனைச் சட்டம் இயற்றப்பட்டு, தொழில் தகராறுச் சட்டம் முதலான தொழிலாளர் நலச் சட்டங்கள் இவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டன. அச்சட்டத்தின்படி பணிக்காலத்தில் பதினொன்றில் ஒரு பங்கு முழு ஊதியத்துடன் கூடிய ஈட்டிய விடுப்பாகச் சேரும். எடுக்காமல் கணக்கில் இருந்த விடுப்புக்கு ஈடான பணத்தை, தாமாக விலகியவரும் பெறலாம். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து இப்பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்துவிட்டன என்றாலும், 2024இல் விலகியவருக்கு அன்றே உருவாகிவிட்ட உரிமை அதனால் அழிவதில்லை. அத்தேதிக்குப் பின் விலகுவோருக்கு ஊதியத்தின் வரையறை மாறியிருக்கிறது. விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும் என்பது பிரதிநிதிகளுக்குச் சாதகமான மாற்றம்.

இரண்டு ஆண்டுத் தடை நிபந்தனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒருவர் சட்டத்துக்குட்பட்ட தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. வேலையில் இருக்கும்போது போட்டி நிறுவனத்துக்குப் பணிபுரியக் கூடாது என்ற கட்டுப்பாட்டை 1967இல் கோலிகாரி வழக்கில் ஏற்ற உச்ச நீதிமன்றம், வேலை முடிந்த பின்னும் தொடரும் கட்டுப்பாட்டை 1980இல் கிருஷண் முர்காய் வழக்கில் ஏற்கவில்லை. ஆனால் நிறுவனத்தின் இரகசிய விலைத் திட்டங்களையும் உள்கணக்குகளையும் எடுத்துச் சென்று பயன்படுத்தும் உரிமை இதனால் கிடைத்துவிடாது; நிறுவனம் தந்த டேப்லெட்டையும் மிஞ்சிய சாம்பிள்களையும் ஒப்படைத்து ஒப்புகை பெற்றுக்கொள்வது நல்லது. பையின் அடியில் தங்கிவிட்ட ஒரு சாம்பிள் அட்டை மருந்துக் கடை அலமாரியில் காணப்பட்டாலும் அது விதிமீறலாகும். ‘மருத்துவருக்கான மாதிரி, விற்பனைக்கன்று’ என்று அச்சிட்ட மருந்தை உரிமம் பெற்றவர் இருப்பு வைப்பதையே 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் தடை செய்கின்றன.

மொத்த விற்பனையைப் பொறுத்தவரை, இவ்விதிகள் அனுபவம் உள்ளவருக்கு வழிவிட்டிருக்கின்றன. சில்லறைக் கடைக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர் கட்டாயம். மொத்த விற்பனைக்கோ, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லது மருந்து விற்பனையில் 4 ஆண்டு அனுபவமுள்ள பத்தாம் வகுப்புத் தேர்ச்சியாளர் அல்லது மருந்துத் தொழிலில் ஓராண்டு அனுபவமுள்ள பட்டதாரி பொறுப்பாளராக இருந்தால் போதும். பட்டதாரியான இந்தப் பிரதிநிதி தாமே அப்பொறுப்பை ஏற்கலாம். இடம் குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும். உரிமங்கள் 20பி, 21பி ஆகிய படிவங்களில் வழங்கப்படுகின்றன. பிரதிநிதியாகப் பெற்ற அனுபவத்தை ஏற்பது உரிமம் வழங்கும் அதிகாரியின் கையில் இருப்பதால், பணிச் சான்றிதழில் பதவிப் பெயரோடு செய்த வேலையின் விவரமும் இடம்பெறுமாறு கேட்டுப் பெற வேண்டும். மருந்தாளுநரின் சான்றிதழை மாத வாடகைக்கு வாங்கி மாட்டிவிட்டுச் சில்லறைக் கடை நடத்தலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால், அதைக் காதில் வாங்கவே கூடாது.

பட்டாசு விற்பனையில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். உறவினர் யாருடைய பட்டாசுத் தொழிற்சாலைக்கேனும் தயாரிப்பு உரிமம் இருந்தாலும், அது வெளியே விற்பவருக்கு உதவாது. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழமைந்த 2008ஆம் ஆண்டு விதிகளின்படி விற்பனையாளர் தம் பெயரில், குறிப்பிட்ட கடைக்கு உரிமம் பெற வேண்டும். கடை செங்கல், கல் அல்லது கான்கிரீட் கட்டடத்தில் இருக்க வேண்டும். மேல்தளத்தில் குடியிருப்பு இருத்தல் ஆகாது. வீட்டில் பெட்டிகளை அடுக்கி வைத்து விற்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இணையதள ஆர்டர்களின் பேரில் பட்டாசு விற்பதை 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. வாட்ஸ்அப்பில் விலைப் பட்டியல் அனுப்பிப் பார்சலில் சரக்கு அனுப்பும் வழக்கம் ஊரில் எவ்வளவு பரவலாக இருந்தாலும், புதிதாக நுழைபவர் அதை நம்பி முதல் போடுவது ஆபத்தானது. தீபாவளிப் பட்டாசுச் சீட்டு என்று மாதந்தோறும் பணம் திரட்டிப் பொருள் தர இயலாமல் போனால், 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்க நேரிடும்.

ஓய்வூதியம் பற்றிய பதில் இனிப்பானதன்று. 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டுகள் பணி நிறைந்தவருக்கு 58 வயதில் முழு ஓய்வூதியம் கிடைக்கும். 50 வயதுக்குப் பின் முன்னதாகக் கேட்டால், குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீத வீதம் தொகை குறையும்; அக்குறைவு ஆயுள் முழுவதும் நீடிக்கும். உண்மைச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும், 2014 செப்டம்பர் முதல் ₹15,000 என்றும் அதற்கு முன் ₹6,500 என்றும் உச்சவரம்புக்குள்ளேயே ஓய்வூதியம் பொதுவாகக் கணக்கிடப்படுவதால், அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது. எனவே பணிக்கொடை முழுவதையும் கடை முதலீட்டில் இறக்கிவிடாமல், ஒரு பகுதியை 58 வயது வரைக்கும் அதற்குப் பின்னும் தனியே ஒதுக்குவது விவேகம். இப்போது செய்ய வேண்டியது, படிவம் 10சி மூலம் திட்டச் சான்றிதழ் பெறுவது. சேர்ந்த பணிக்காலத்தைப் பதிவுசெய்யும் இச்சான்றிதழ், மீண்டும் வேலைக்குச் சேர்ந்தால் பழைய பணியைப் புதியதோடு இணைக்கவும், 58 வயதுக்கு முன் உறுப்பினர் இறக்க நேர்ந்தால் மனைவியும் பிள்ளைகளும் குடும்ப ஓய்வூதியம் கோரவும் பயன்படும். அதில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்த்து, பிழையிருந்தால் உடனே திருத்திக்கொள்ள வேண்டும்.