தொண்டும் குறிப்பேடும்

(இளமறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

கல்லூரியில் நாம் கற்பவை யாவும் வகுப்பறைக்குள் அடங்கிவிடுவதில்லை. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் எனப் பல வாயில்கள் நமக்குத் திறந்திருக்கின்றன. மாணவர்கள் வாய்க்கால் தூர் வாருகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், இரத்தம் கொடுக்கிறார்கள். இப்பணிகளை நாம் எழுதி வைக்கிறோமா, எவ்வாறு எழுதி வைக்கிறோம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பார்களே, தொண்டுக்குக் கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். புகழுக்காக எழுதும் கணக்கு வேண்டாம்தான். ஆனால், பொறுப்புக்காக எழுதும் கணக்கு ஒன்று உண்டு. அது இன்றியமையாதது என்பதை ஒரு தவற்றின் வாயிலாகவே நான் கற்றுக்கொண்டேன்.

திட்டமும் மணிக்கணக்கும்

1948-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தாமாக முன்வந்து நாட்டுப்பணி செய்ய வேண்டும் என்று கருதியது. 1964-இல் அமைந்த கோத்தாரி கல்விக் குழுவும் கல்வியோடு சமூகப்பணி இணைய வேண்டும் என்றது. காந்தியடிகளின் நூற்றாண்டில், 24-9-1969 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. "எனக்காக அன்று, உனக்காக" என்பது அதன் குறிக்கோள். கோனார்க் சூரியன் கோயிலின் தேர்ச்சக்கரம் அதன் சின்னம். அதிலுள்ள எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன.

இத்திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக, இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்குபெற வேண்டும். இவற்றை முடித்தவர்க்கே சான்றிதழ். ஆகவே மணிக்கணக்கு தேவைதான். ஆனால் அது ஒன்றையே எழுதினால், பணி மறைந்து மணி மட்டுமே எஞ்சும்.

நாங்கள் தொலைத்த தாள்கள்

சென்ற ஆண்டு முகாமின் நான்காம் நாள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தோம். முதியோர் உதவித்தொகை கிடைக்காதவர் யார் யார், அவர்களிடம் என்னென்ன சான்றுகள் உள்ளன என்று உதிரித் தாள்களில் குறித்துக்கொண்டோம். மனு எழுதித் தருவதாகவும் சொன்னோம். முகாமின் கடைசி இரவில் நாட்குறிப்பை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர்கள் எழுதி முடித்தோம்.

மூன்று மாதம் கழித்து, நட்ட கன்றுகளைப் பார்க்க அவ்வூருக்குப் போனேன். ஒரு பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஏன் தம்பி, அன்னைக்கு என் பேரை எழுதிக்கிட்டுப் போனீங்களே, ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. திரும்பி வந்து தேடினேன். உதிரித் தாள்கள் இல்லை. என் நாட்குறிப்பில் "சமூகக் கணக்கெடுப்பு - 5 மணி நேரம்" என்ற ஒரே வரி இருந்தது. அந்த ஐந்து மணி நேரமும் என் சான்றிதழுக்குக் கணக்காகிவிட்டது. பாட்டியின் பெயர் எங்கும் இல்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையிலும் பலர் வந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். என்ன எழுதினார்கள் என்று படித்துப் பார்க்க என் பெற்றோர்க்குத் தெரியாது. அதன் பயன் என்னவென்றும் தெரியவந்ததில்லை. இம்முறை அப்படி எழுதிக்கொண்டு போனவன் நானே என்பதுதான் என்னை உறுத்தியது.

எவ்வாறு எழுதுவது?

அறிவியல் மாணவர்க்கு இது புதிதன்று. தரம்பார்த்தலின்போது பியூரெட்டின் அளவை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்கிறோம். பிறகு நினைவிலிருந்து எழுதினால் அது அளவீடு அன்று, கற்பனை. தொண்டின் குறிப்பேட்டுக்கும் அதே விதி பொருந்தும். நான் கண்ட சில முறைகள் வருமாறு:

1. அன்றன்றே எழுத வேண்டும். அவரவர் கண்டதை அவரவரே எழுத வேண்டும்.

2. அளவோடு எழுத வேண்டும். "துப்புரவுப் பணி, 3 மணி நேரம்" என்பது போதாது. "பள்ளித் தெருச் சாக்கடை, 40 அடி. பத்துப் பேர், மண்வெட்டி நான்கு. தெருமுனைச் சிறுபாலம் அடைத்திருப்பதால் நீர் வடியவில்லை. ஊராட்சியில் தெரிவித்தோம். வியாழனன்று மீண்டும் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் அடுத்து வருபவர் அங்கிருந்தே தொடரலாம்.

3. பின்விளைவையும் எழுத வேண்டும். நட்ட கன்றுகள் எத்தனை என்பதோடு, ஓராண்டுக்குப் பின் உயிரோடிருப்பவை எத்தனை என்பதும் வேண்டும். பட்டுப்போனவற்றின் கணக்குதான் வேலி தேவையா, தண்ணீர் தேவையா என்று நமக்குச் சொல்லும்.

4. இரத்ததானம் செய்த தேதியைக் குறிக்க வேண்டும். ஒரு முறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாள்களும் பெண்கள் 120 நாள்களும் கழித்தே மீண்டும் கொடுக்கலாம். அவசர அழைப்பு வரும் வேளையில் நினைவை மட்டும் நம்பலாகாது.

5. பிறர் மானம் காக்க வேண்டும். ஒருவரின் நோயும் வறுமையும் நம் நாட்குறிப்பில் பெயரோடு இடம்பெறலாகாது. அவ்விவரங்களைத் தனித்தாளில் எழுதித் திட்ட அலுவலரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததை மட்டும் நாட்குறிப்பில் குறிக்கலாம்.

முடிவுரை

அதற்கடுத்த சனிக்கிழமை நண்பர்கள் நால்வர் மீண்டும் அவ்வூருக்குப் போனோம். புதிதாகக் கணக்கெடுத்தோம். பாட்டியை இ-சேவை மையத்துக்கு அழைத்துச் சென்று விண்ணப்பத்தைப் பதிவு செய்தோம். உதவித்தொகை இன்னும் வரவில்லை. ஆனால் விண்ணப்ப எண்ணும் தேதியும் இப்போது இரண்டு இடங்களில் உள்ளன. ஒன்று திட்ட அலுவலரின் கோப்பில். மற்றொன்று பாட்டியின் சுருக்குப்பையில்.

நண்பர்களே! 240 மணி நேரம் முடிந்ததும் நாம் சான்றிதழோடு வெளியேறிவிடுவோம். ஊரோ அங்கேயே இருக்கும். நமக்குப்பின் வரும் மாணவர், நாம் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டுமானால், நம் குறிப்பேடு உண்மை பேச வேண்டும். "உனக்காக" என்ற சொல்லை மார்பில் அணிந்தால் மட்டும் போதாது. நாட்குறிப்பின் ஒவ்வொரு வரியிலும் அது இருக்கட்டும்.