கர்ப்பகாலத் தலைவலி: எப்போது ஓய்வு, எப்போது ஆஸ்பத்திரி?



"டிரெசர் ஐயா, தலை வலிக்குது, மாத்திரை கொடுங்க" என்று வரும் கர்ப்பிணியிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை மாசம்மா?" என்றுதான்.

முதல் மாதங்களில் தலைவலி பெரும்பாலும் பசி, தாகம், தூக்கக் குறைவால் வருவது. பெரட்டுக்கு முன்பே பசியாறுங்கள். வேலைக்குத் தண்ணீர் கொண்டு போங்கள். வலித்தால் நிழலில் படுத்து, நெற்றியில் ஈரத்துணி போடுங்கள். நிற்காவிட்டால் 500 மில்லிகிராம் பனடோல் ஒன்றோ இரண்டோ போடலாம். அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரம் போகட்டும். பொன்ஸ்தான், புரூபன் வேண்டவே வேண்டாம். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரினும் கூடாது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு வரும் கடும் தலைவலி வேறு சங்கதி. பிரஷர் 140/90-க்கு ஏறியிருக்கலாம். கண் மங்கும், மேல்வயிறு வலிக்கும், முகமும் கையும் வீங்கும். சிலருக்குத் தலைவலி மட்டுமே இருக்கும். கவனிக்காவிட்டால் வலிப்பு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து.

"வெயில் பட்டது, படுத்தா சரியாயிடும்" என்று வீட்டில் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். கர்ப்பப் புத்தகத்தோடு உடனே சாஆ கிளினிக்குக்குப் போங்கள். மிஸ்ஸி பிரஷர் பார்த்து, சிறுநீரும் சோதிப்பார். இரவானால் சிகாமட் ஆஸ்பத்திரி. வலிப்பு என்றால் 999.

பிள்ளை பெற்று ஆறு வாரம் வரை இதே எச்சரிக்கைதான். கணவன்மாரே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்!