மிஸ் சொன்னால் போதுமா?

கேள்வி: பி.எஸ்ஸி. கணிதம் முடித்திருக்கிறேன். வீட்டில் விசைத்தறி. ஓராண்டாகத் திருச்செங்கோட்டில் சிறப்புக் குழந்தைகள் மையம் ஒன்றில் உதவியாளராகப் போய்வருகிறேன். அங்குள்ள சீனியர் மிஸ், “உனக்கு இது நல்லா வருது, பிஹேவியர் தெரபி பக்கம் போ” என்கிறார். வீட்டிலோ பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்கிறார்கள். ஆன்லைனில் நாற்பது மணி நேரத்தில் சான்றிதழ் தருவதாக விளம்பரம் பார்த்தேன். சேரலாமா?
– வாசகி, மல்லசமுத்திரம்

முதலில் அந்த ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் மிஸ்ஸிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “எதைப் பார்த்து எனக்கு வருதுன்னு சொன்னீங்க?”

“உனக்குப் பொறுமை அதிகம், பிள்ளைங்க உன்கிட்ட ஒட்டிக்குது” என்பார் என்றால் சந்தோஷம்தான். ஆனால் அது நல்ல அத்தைக்கும் இருக்கும் குணம். “அந்தப் பையன் தட்டை வீசறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு நீதான் கவனிச்சுச் சொன்னே” என்றால், அவர் உங்களிடம் தொழிலுக்கான கண்ணைப் பார்த்திருக்கிறார்.

அது என்ன கண் என்று கேட்டால், உங்கள் ஊர்ப் பக்கம் நடக்கக்கூடிய ஒன்றையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நாலு வயதுப் பையன், இன்னும் பேச்சு வரவில்லை. வீட்டை ஒட்டித் தறிக்கூடம். மதியம் தறி ஓட ஆரம்பித்ததும் நெற்றியைச் சுவரில் மோதிக்கொள்கிறான். பாட்டி ஓடி வந்து செல்போனைக் கொடுக்கிறார், அடங்கிவிடுகிறான். ‘தறிச் சத்தம் ஆகலை’ என்று வீடே முடிவு கட்டிவிட்டது. நீங்கள் ஒரு நோட்டில் நாலு கட்டம் போட்டு ஒரு வாரம் எழுதுகிறீர்கள்: மணி என்ன, அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே அவனுக்கு என்ன கிடைத்தது. வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டினால், காலையிலும் தறி ஓடியிருக்கிறது, அப்போதெல்லாம் பையன் அம்மா மடியில் சும்மா இருந்திருக்கிறான். மோதல் எல்லாம் அம்மா அவனை இறக்கிவிட்டு நூல் முடியப் போன நேரத்தில்தான். சத்தம் இங்கே காரணம் இல்லை. அம்மா விலகுகிறாள், மோதினால் போன் வருகிறது.

இனி வேலை இரண்டு. அம்மாவைக் கூப்பிட அவனுக்கு ஒரு வழி கற்றுத் தரவேண்டும், ஒரு படஅட்டையோ கையசைவோ போதும். அதைக் காட்டிய உடனே அம்மா வரவேண்டும். மோதலுக்குப் போன் கிடைப்பதும் நிற்கவேண்டும். நிறுத்தினால் முதல் சில நாள் மோதல் குறையாமல் கூடவும் செய்யலாம். பாட்டி உங்களைத் திட்டுவார். தலையில் அடிபடும் விஷயத்தில் ‘கண்டுக்காம விடுங்க’ என்று சொல்லிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போக முடியாது. காது வலியா, பல் வலியா என்று டாக்டர் முதலில் பார்த்திருக்க வேண்டும். சுவரோரம் மெத்தை போட வேண்டும். எந்த அளவில் நிறுத்திக்கொள்வது என்று சொல்ல அனுபவசாலி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வழிகாட்டி வேண்டும் என்பது இந்த இடத்துக்குத்தான். தட்டிக்கொடுப்பதற்கு ஆள் எங்கேயும் கிடைக்கும்.

வழிகாட்டிக்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். நடத்தைச் சிகிச்சையின் (பிஹேவியர் தெரபி) தாய் என்று அழைக்கப்படும் மேரி கவர் ஜோன்ஸ், அமெரிக்காவில் உளவியலாளர் ஜான் வாட்சனின் சொற்பொழிவைக் கேட்டு இந்தத் துறைக்கு வந்தவர். 1924இல் வெளியான அவருடைய ஆய்வில், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத பையனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலை மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். வாட்சன் பேசிவிட்டுப் போய்விடவில்லை, அந்த ஆய்வுக்கு ஆலோசனையும் சொல்லிக்கொண்டிருந்தார். நம் பக்கம் பார்த்தால், தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து, வல்லுநர்களின் மேற்பார்வையில் வீடுவீடாக அனுப்பி மறுவாழ்வுப் பணி செய்கிறது. அங்கேயும் அந்த மேற்பார்வைதான் உயிர்.

ஆகவே மிஸ்ஸிடம் துணிந்து கேளுங்கள்: வாரத்துக்கு ஒருமுறையாவது என் செஷனில் உட்கார்ந்து பார்ப்பீர்களா? என் நோட்டைத் திருத்துவீர்களா? ‘நேரம் இல்லைம்மா’ என்றால் அவர் நல்ல மனுஷி, ஆனால் உங்களுக்கு வேறு வழிகாட்டியும் வேண்டும். அடிப்பது, மிரட்டுவது, சாப்பாட்டை நிறுத்துவது, கண்ணைப் பார்க்கச் சொல்லி முகத்தைப் பிடித்துத் திருப்புவது – இதெல்லாம் நடக்கும் இடம் என்றால் அடுத்த நாளே விலகிவிடுங்கள். 1960களில் அமெரிக்காவில் உளவியலாளர் இவார் லோவாஸ் ஆட்டிசக் குழந்தைகளுக்கு மின் அதிர்ச்சிகூடக் கொடுத்திருக்கிறார். அப்படி வளர்ந்த துறை இது என்பதைத் தெரிந்துகொண்டே உள்ளே வாருங்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இதைப் பற்றி எழுதும் கண்டனங்களையும் படியுங்கள். பாடப்புத்தகத்தில் கிடைக்காத பாடம் அதில் இருக்கிறது.

இப்போது சான்றிதழ். நாற்பது மணி நேரம் என்பது அமெரிக்காவின் பிஹேவியர் அனலிஸ்ட் சர்டிஃபிகேஷன் போர்டு, தன் கீழ்நிலைச் சான்றுக்கு வைத்திருக்கும் பயிற்சிக் கணக்கு. அதுவும் முதல் படிதான், பிறகு திறன் சோதனை, தேர்வு, தொடர் மேற்பார்வை எல்லாம் உண்டு. 2023 முதல் அந்த போர்டு அமெரிக்கா, கனடா போன்ற ஒருசில நாடுகளில் வசிப்பவர்களைத் தவிர மற்றவர்களிடம் புதிய விண்ணப்பம் வாங்குவதில்லை. விளம்பரத்தில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். படித்தால் நாலு விஷயம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அது வேலைக்கான உரிமம் ஆகாது.

இந்தியாவில் உங்களுக்கு வேண்டியது ஆர்.சி.ஐ. பதிவு. ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலுக்கான சட்டம் 1992இல் வந்தது. அதன்படி பதிவு இல்லாமல் மறுவாழ்வு வல்லுநராகத் தொழில் செய்வது ஓராண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் வழி சிறப்புக் கல்விதான். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டு டிப்ளமோ, பட்டதாரி என்றால் பி.எட். கோவையில் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்திலும் விசாரியுங்கள். சென்னை முட்டுக்காட்டில் 2005இல் மத்திய அரசு மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கிய தேசிய நிறுவனமும் இருக்கிறது. புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு இந்தப் படிப்புகளின் பெயரும் காலமும் மாறிக்கொண்டே வருகின்றன. எந்தக் கல்லூரி என்ன சொன்னாலும், நீங்கள் சேரும் ஆண்டில் அந்தப் படிப்பு ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

‘அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. உளவியல் முடித்தால் ஆச்சு’ என்று யாராவது சொல்வார்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. வெறும் எம்.எஸ்ஸி. யாரையும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக்குவதும் இல்லை, அதற்குத் தனியாக ஆர்.சி.ஐ. அங்கீகரித்த முழுநேரப் படிப்பு வேண்டும். 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்கள் சட்டம் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற தொழிலைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதன் பதிவு முறை நடைமுறைக்கு வருவதையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அப்பா கேட்பார். தொடக்கத்தில் பேங்க் கிளார்க்கைவிடக் குறைவுதான். பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் தனியார் மையங்களில் பதிவு எண் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் மரியாதையும் கூலியும் வேறு. மல்லசமுத்திரமே ஒரு ஒன்றியம். அங்குள்ள வள மையத்தில் பணிபுரிபவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். நான் எழுதுவதைவிட அவர் சொல்வது உங்களுக்கு உபயோகம்.

பேங்க் பரீட்சையை இந்த ஆண்டு எழுதுவதில் தப்பில்லை, மையத்துக்குப் போவதை மட்டும் நிறுத்த வேண்டாம். மிஸ் சம்மதித்து, அங்குள்ள குழந்தைகளின் பெற்றோரும் சம்மதித்தால், ஒரு நாள் உங்கள் அம்மாவை மையத்துக்குக் கூட்டிப் போங்கள். நோட்டையும் காட்டுங்கள், முதல் பக்கத்தை அல்ல, மூன்றாம் மாதத்துப் பக்கத்தை.