இறக்கத்தைப் பற்றி ஏன் கேட்கவில்லை?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாதிக்குமேல் கேள்விக்குறிதான். ஜனவரியில் மணாலியிலிருந்து லேவுக்குச் சைக்கிளில் போகப் போகிறாய். பின்னால் எத்தனை பல் கியர் போடலாம், ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் ஏறலாம், ஏறும்போது மூச்சு முட்டினால் என்ன செய்வது, ஏற்றத்துக்குக் காலை எப்படிப் பழக்குவது... எல்லாம் ஏற்றம். இறங்குவதைப் பற்றி ஒரு வரி இல்லை. குளிர்காலத்தில் ஆளைச் சாய்ப்பது இறக்கம்தான்டா. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி.

அதற்கு முன்னால் பாதையைச் சரிசெய்ய வேண்டும். ஜனவரியில் மணாலி–லே சாலை என்று ஒன்று கிடையாது. “அடல் சுரங்கம்தான் வந்துவிட்டதே மாமா” என்பாய். 2020 அக்டோபரில் திறந்த அந்த ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம் ரோதாங் கணவாயைத்தான் தவிர்க்கிறது. லாஹௌல் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அதற்கு அந்தப் பக்கம் பாரலாச்சா லா கணவாய் 4,890 மீட்டரில் நிற்கிறது. அதையும் தாண்டினால் லாச்சுலுங் லா, தாங்லாங் லா, இரண்டுமே ஐயாயிரத்துக்கு மேல். குளிர்காலம் முழுக்க விழுந்து குவிகிற பனியை எல்லைச் சாலை அமைப்பு வசந்தத்தில்தான் இயந்திரம் வைத்து அறுத்துத் திறக்கும். வழியில் டீயும் ரஜாய்ப் போர்வையும் தருகிற கூடாரக்காரர்கள் எல்லாம் அதற்குப் பல மாதம் முன்பே மூட்டை கட்டியிருப்பார்கள். யூடியூபில் நீ பார்த்த மணாலி–லே வீடியோ ஜூலையில் எடுத்தது. அதில் புல் தெரிகிறதே, கவனிக்கவில்லையா?

குளிர்காலத்திலேயே போவேன் என்று அடம்பிடித்தால் லேவுக்கு விமானத்தில் போய் இறங்கு. அங்கிருந்து கர்துங் லா ஏறி நுப்ரா பள்ளத்தாக்குக்குள் இறங்கி, ஷியோக் ஆற்றை ஒட்டியே துர்புக் வரை போய், சாங் லா வழியாகத் திரும்பலாம். முந்நூறு கிலோமீட்டர் சொச்சம் வரும். இந்த இரண்டு கணவாய்களும் எல்லையில் இருக்கிற ராணுவத்துக்குச் சரக்குப் போகிற வழி. சியாச்சினுக்குப் போவது கர்துங் லா வழியாகத்தான். அதனால் பனி விழ விழ அள்ளித் திறந்து வைக்கப் பார்ப்பார்கள். அப்படியும் பெரும் பனி விழுந்தால் சோதனைச் சாவடியில் உன்னைத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே நின்று சட்டம் பேசாதே. சங்கிலி கட்டின லாரியே வழுக்குகிற நாளில்தான் அப்படிச் செய்வார்கள்.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் கால் ஊன்றாமல் ஏறினேன் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். உன் முழங்காலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஆனால் லே விமான நிலையம் இருப்பது 3,256 மீட்டரில். தொட்டபெட்டா உச்சி 2,637. அதாவது நீ விமானப் படிக்கட்டில் இறங்கும் இடமே தொட்டபெட்டாவைவிட அறுநூறு மீட்டர் உயரம். உடம்புக்கு இது பழக இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டுவதைத் தவிர வேறு வேலை வேண்டாம். பிறகு கர்துங் லா சாலையில் சவுத் புல்லு பக்கம் பாதி தூரம் ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்கு. மூவாயிரத்துக்கு மேலே ஒவ்வொரு இரவும் படுக்கிற உயரத்தை ஐந்நூறு மீட்டருக்குமேல் கூட்டக் கூடாது, நடுவில் ஓய்வு நாளும் விட வேண்டும் என்பார்கள் மலை மருத்துவர்கள். உயர நோய்க்கு மாத்திரை உண்டு. அதை உன் டாக்டரிடம் கேட்டு வாங்கு, உன் நண்பனிடம் கேட்காதே.

இன்னொன்றும் இருக்கிறது. தலைவலி, வாந்தி, படுத்தால் மூச்சிரைப்பு என்று வந்தால் கீழே இறங்கிவிட வேண்டும் என்று நீயும் படித்திருப்பாய். சரிதான். ஆனால் கர்துங் லாவைத் தாண்டி நுப்ராவுக்குள் இறங்கிவிட்டால், அங்கிருந்து லேவுக்குத் திரும்ப மறுபடி ஐயாயிரம் மீட்டர் கணவாய் ஒன்றை ஏறியாக வேண்டும். உள்ளே டிஸ்கிட் ஊர் தாழ்வாகத்தான் இருக்கிறது, மருத்துவமனையும் உண்டு, அது ஒரு தெம்பு. ஆனாலும் உடம்பு சரியில்லை என்றால் அதை லே பக்கமே கண்டுபிடித்துவிட வேண்டும். “மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று நீ நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நினைக்காதே.

இனி ஏற்றம். ஒரே பாராவில் முடித்துவிடுகிறேன். லேவிலிருந்து உச்சிக்கு 39 கிலோமீட்டர், உயரக் கணக்கில் 1,850 மீட்டர் போல. சரிவு கொடுமையானதல்ல, கொல்லிமலையைவிடச் சாது. நீ செய்யப் போகிற தப்பு, குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்புவது. அரை மணியில் முதுகு நனையும். அந்த வியர்வைதான் உன் எதிரி. கிளம்பும்போது உனக்குக் குளிர வேண்டும், கொஞ்சம் நடுங்கினாலும் பரவாயில்லை. ஜாக்கெட் ஜிப்பை முக்கால்வாசி திறந்து வை, தொப்பியைக் கழற்றிப் பையில் போடு. வியர்க்கிற மாதிரி இருந்தால் வேகத்தைக் குறை. உன்னைவிட மெதுவாக ஒரு யாக் போனாலும் அதை முந்தாதே. உள்ளே போடுவது மெரினோ கம்பளி பனியனாக இருக்கட்டும். பருத்தி பனியனை ஊரிலேயே வைத்துவிடு.

உச்சிக்கு வந்தாயிற்று. 5,359 மீட்டர். கடல் மட்டத்தில் கிடைக்கிற ஆக்சிஜனில் ஏறக்குறையப் பாதிதான் அங்கே. நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் பலகை முன்னால் சைக்கிளைத் தூக்கிப் பிடித்து போட்டோ. பல வருஷம் அந்தப் பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தார்கள். ஜிபிஎஸ்ஸில் அளந்தால் எண்ணூறு அடி குறைகிறது. உலகிலேயே உயர்ந்த சாலை என்று அடித்துக்கொண்ட பெருமையும் போய்விட்டது, உம்லிங் லா 19,024 அடி. ஆனாலும் எல்லோரும் அங்கே நிற்கத்தான் நிற்கிறார்கள், நீயும் நிற்பாய். நின்ற அந்த நிமிஷத்திலிருந்து உன் உடம்பு உண்டாக்குகிற சூடு சட்டென்று குறைந்துவிடுகிறது, நனைந்த பனியன் உறையத் தொடங்குகிறது. கையை மடக்கினால் சட்டை முழங்கையில் அப்பளமாக நொறுங்கும். அதனால் சைக்கிளைச் சாய்த்த கையோடு, பலகையைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால், உலர்ந்த பனியனை மாற்றி, இறகு ஜாக்கெட், காற்றுத் தடுப்பு, கால்சட்டை மேல் கால்சட்டை, முகமூடி எல்லாவற்றையும் போட்டுவிடு. இவை பையின் அடியில் இருந்தால் நீ தோற்றாய். மேலேயே இருக்க வேண்டும். போட்டோ அப்புறம்.

இப்போது மலையைப் பார். நீ ஏறி வந்தது தெற்கு முகம். வெயில் பட்ட பக்கம், சாலை பெரும்பாலும் காய்ந்திருக்கும். இறங்கப் போவது வடக்கு முகம். குளிர்கால வெயில் அங்கே பல வளைவுகளில் படுவதேயில்லை. லாரிகள் சங்கிலிச் சக்கரத்தால் பனியை அரைத்து அரைத்துக் கண்ணாடியாக்கி வைத்திருக்கும். கர்துங் கிராமம் வரை முப்பது கிலோமீட்டருக்கு இதுதான் கதி. ஏறும்போது நீ மணிக்கு ஆறு கிலோமீட்டர், எதிர்க்காற்று கிடையாது, அடுப்பு உள்ளே எரிகிறது. இறங்கும்போது அடுப்பு அணைந்துவிட்டது, காற்றை நீயே உண்டாக்குகிறாய். மைனஸ் 15-இல் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது மைனஸ் 27 மாதிரி. ஏற்றத்தில் பட்ட கஷ்டத்துக்குக் கூலி இறக்கம் என்று நம் மலைகளில் பழகிவிட்டோம். அங்கே அந்தக் கூலி கிடையாது.

அதனால் பறக்காதே. பிரேக்கை லேசாகப் பிடித்தபடி மிதி. வேடிக்கையாகத் தெரியும், ஆனால் அதுதான் காலுக்குச் சூடு. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தரம் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடு, கையைத் தோளிலிருந்து வீசு. விரலை எண்ணிக்கொண்டே வா. வலிக்கிற விரல் நல்ல விரல். வலி நின்று நுனி வெளுத்தால் உடனே நின்று அக்குளில் வை. பனியைப் போட்டுத் தேய்க்கச் சொல்லி யாராவது பெரியவர் யோசனை சொன்னால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடு. தேய்த்தால் உறைந்த தோல் இன்னும் கிழியும். கண்ணாடிப் பனி வந்தால் இறங்கி நட. நடந்தால் உன் கௌரவம் குறையும் என்றால் குறையட்டும். அங்கே பார்க்க ஆளும் இல்லை.

“முள் டயர் போட்டால் போதாதா?” என்று கேட்பாய். போடு. டங்ஸ்டன் கார்பைட் முள் பதித்தது. பிடிக்கும், ஆனால் மாயம் செய்யாது. கைக்கு, ஹேண்டில்பாரோடு மாட்டுகிற பெரிய உறை வாங்கு, உள்ளே மெல்லிய கையுறை போதும், பிரேக்கும் கியரும் உணர முடியும். காலுக்கு, உன் அருமையான கிளீட் ஷூ வேண்டாம். பாதத்தின் அடியில் இருக்கிற அந்த இரும்புத் துண்டு சூட்டை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். தட்டையான பெடல், ஒரு அளவு பெரிய பூட்ஸ், உள்ளே விரல் ஆட இடம். இதற்காக நீ முறைத்துக்கொள்வாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

வண்டியில் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது, அதை ஊரிலேயே முடி. பின் சக்கர ஃப்ரீஹப்பைக் கழற்றி, உள்ளே இருக்கிற கெட்டி கிரீஸை மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவிவிட்டு, குளிரில் இறுகாத மெல்லிய எண்ணெய் விடச் சொல். இல்லாவிட்டால் காலையில் மைனஸ் இருபதில் கிரீஸ் இறுகி, உள்ளே சங்கிலி இழுப்பைப் பிடிக்கிற சின்னக் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீ மிதிப்பாய், பெடல் ‘சர்’ரென்று காற்றில் சுற்றும், சக்கரம் நகராது. அந்த நேரத்தில் செய்ய முடிவது ஃபிளாஸ்கில் இருக்கிற சுடுதண்ணீரை ஹப் மேல் ஊற்றுவதுதான். உன் டீ போச்சு. கியர் கேபிளுக்குள்ளும் தண்ணீர் நிற்கக் கூடாது. அங்கே உறைந்தால் ஒரே கியரில்தான் மிச்சப் பயணம். பஞ்சர் ஒட்டலாம் என்று நம்பாதே, அந்தக் குளிரில் சொல்யூஷன் காயாது. டியூபாகவே எடுத்துப் போ.

டெர்வ்லா மர்ஃபி என்று ஒரு ஐரிஷ் அம்மா, 1963 ஜனவரியில், ஐரோப்பாவே விறைத்துக் கிடந்த அந்தக் குளிர்காலத்தில், சைக்கிளை எடுத்துக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பினார். கிளம்பும் முன்பே சைக்கிளிலிருந்து கியரைக் கழற்றிவிட்டார், வழியில் கெட்டுப்போகும் என்று. டெல்லி வந்து சேர்ந்தார். பின்னால் எத்தனை பல் போடலாம் என்று நீ கேட்டதற்கு இதையே பதிலாக வைத்துக்கொள்.

ராத்திரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், கூடாரம் வேண்டாம், கிராமத்து வீடுகளில் தங்கு. பருவம் இல்லாததால் பல வீடுகள் பூட்டியிருக்கும், லேவிலேயே கேட்டு, முன்னாலேயே சொல்லி வைத்துக்கொள். குழாய் உறைந்திருக்கும், தண்ணீர் வாளியில் வரும். வாங்கி வைத்த பாட்டிலைத் தலைகீழாக நிறுத்து, பனி மேலிருந்துதான் கட்டும், அப்போதுதான் மூடிப் பக்கம் உறையாது. அறையில் புகாரி அடுப்பு வைப்பார்கள். அதன் பக்கத்தில் ஈரத் துணியைக் காயப் போடு, ஆனால் தூங்கும் முன் அணைந்துவிட்டதா என்று பார்த்து, ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி விடு. மூடின அறையில் புகையே தெரியாமல் ஆளைக் கொண்டுபோய்விடும் அது. போன், பவர் பேங்க் இரண்டும் உன்னோடு ரஜாய்க்குள் தூங்கட்டும்.

அக்காவிடம் நான்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். மாட்டேன். நீயே சொல். மைனஸ் கணக்கெல்லாம் அவளிடம் எடுக்காதே, அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள், எந்தத் தேதி திரும்புகிறாய் என்று. நீ நினைத்திருக்கிற தேதிக்கு ஒரு வாரம் தள்ளியே சொல். கணவாய் இரண்டு நாள் மூடலாம், லேவில் மேகம் இறங்கினால் விமானம் வராது. டிக்கெட்டையும் அப்படியே போடு. முள் டயர் அகலம் எவ்வளவு என்று வாங்குவதற்கு முன் எனக்கு எழுது. உன் ஃபோர்க்கில் அது நுழையாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
மாமா