ஓர் உரை, பல கோலம்

கலை பயில்வார்க்குக் கண்ணும் ஓர் ஆசானாகும். முன்னோர் செதுக்கிய சிலைகளைப் பன்முறை நோக்கியே இளஞ்சிற்பி உளி பிடிக்கப் பழகுகிறான். மூத்தோன் கைவேலையைக் கண்டே தச்சன் மகன் தொழில் தேர்கிறான். இணையத்தில் பக்கம் வகுக்கும் புதுக்கலைக்கும் இதுவே நெறி. அதற்குச் சிறந்த சான்றாக விளங்குவது 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்னும் வலைத்தளம்.

ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர், உலகளாவிய வலை என்னும் கருத்தை 1989ஆம் ஆண்டில் முன்வைத்தார். எவரும் கட்டணமின்றி அதனைப் பயன்படுத்தலாம் என 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அந்நிலையம் அறிவித்தது. வலைப்பக்கத்தைக் காண்போர், அதனை ஆக்கிய மூல வரிகளையும் உலாவியிலேயே திறந்து படிக்கலாம். செய்த பொருளோடு செய்த முறையையும் மறையாது காட்டும் கலைகள் உலகிற் சிலவே. இம்மூல வரிகளைப் படித்தே தொழில் கற்றவர் பலர்.

வலைப்பக்கத்திற்கு இரு கூறுகள் உண்டு. தலைப்பு, பத்தி, பட்டியல் என உரையைப் பகுத்து நிறுத்துவது எச்.டி.எம்.எல். என்னும் மொழி. நிறம், எழுத்தின் அளவு, இடம் ஆகியவற்றை வகுப்பது சி.எஸ்.எஸ். முன்னது உடல், பின்னது உடை. பின்னதை 1994ஆம் ஆண்டில் ஹோக்கன் வியூம் லீ என்பார் முன்மொழிந்தார். 1996ஆம் ஆண்டு டிசம்பரில் அது முறையான பரிந்துரையாக வெளிவந்தது.

எனினும், வடிவமைப்பாளர் பலர் அதனை எளிதில் ஏற்றாரல்லர். பக்கத்தை அட்டவணைக் கட்டங்களாகப் பிரித்து, அவற்றில் படத்துண்டுகளை அடுக்கியே அழகு செய்துவந்தனர். அதனால், தோற்றத்தைச் சிறிது மாற்ற விரும்பினும் பக்கம் முழுவதையும் கலைத்துக் கட்ட நேர்ந்தது. பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருளும் அக்கட்டங்களிடையே தடுமாறிற்று. சி.எஸ்.எஸ். இவ்விடர்களைக் களையும் என வல்லுநர் கூறினர். அதனால் பயன் விளையுமேயன்றி அழகு விளையாது என்று கலைஞர் எண்ணினர்.

கனடா நாட்டு வடிவமைப்பாளர் டேவ் ஷே அவர்களோடு வாதிட்டாரல்லர், செய்து காட்டினார். 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் ஒரே ஓர் உரைப்பக்கத்தை வலையில் இட்டார். தாமே அதற்குச் சில கோலங்களைப் புனைந்தார். பின்பு உலகிலுள்ள வடிவமைப்பாளரை எல்லாம் அழைத்தார். சி.எஸ்.எஸ். வரிகளையும் படங்களையும் விரும்பியவாறு அமைக்கலாம்; உரைப்பக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்றலாகாது. இதுவே அவர் விதித்த கட்டுப்பாடு.

கட்டுப்பாடே கற்பனைக்கு ஊற்றாயிற்று. ஒருவர் அவ்வுரையைக் கடலடிக் காட்சியாக்கினார்; மற்றொருவர் பழைய திரையரங்கமாக்கினார். அத்தளத்தில் இடம்பெற்ற கோலங்கள் 200க்கும் மேற்பட்டன. உரை ஒன்றே எனினும் கோலம் ஒன்றையொன்று ஒவ்வாது. அவற்றைக் கண்டோர் வியப்போடு நில்லாமல் மூல வரிகளையும் திறந்து பயின்றனர். சொல்லால் தீராத ஐயம் காட்சியால் தீர்ந்தது.

ஆயினும், கற்றல் வேறு, கவர்தல் வேறு. அத்தளத்தின் சி.எஸ்.எஸ். வரிகள் பிறரும் எடுத்தாளுமாறு பொது உரிமத்தின்கீழ்ச் சில வரம்புகளோடு தரப்பட்டுள்ளன. படங்களின் உரிமையோ வரைந்தவரைச் சார்ந்தது. முதல்நூலைத் தழுவித் தன் புதுமையையும் சேர்த்து இயற்றுவதை வழிநூல் என நன்னூல் ஏற்கும். பிறர் ஆக்கத்தை அப்படியே எடுத்துத் தன் பெயர் பொறிப்பது வழிநூலன்று, களவேயாகும்.

ஆதலின், அழகிய பக்கத்தைக் காணும் மாணவன், 'இந்நிறம் ஏன்? இவ்விடைவெளி ஏன்? இவ்வெழுத்து ஏன்?' என வினவி விடை காணல் வேண்டும். விடை கண்டபின் அப்பக்கத்தை மூடிவிட்டுத் தன் பணிக்கு ஏற்றதைத் தானே வகுத்தல் வேண்டும். பிறர் விளக்கில் தன் திரியை ஏற்றிக்கொள்வதில் குற்றமில்லை; விளக்கையே எடுத்துச் செல்வதுதான் குற்றம்.